படத்துள் மறைந்து வரும் கட்டளை

ஓர் அலுவலகத்தில் மக்கள் தரும் மனுக்களைப் படித்துக் காட்டும் எழுத்தர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மனுவின் நடுவே, "இதனைப் படிப்பவர் உடனே எழுந்து, பெட்டகத்தின் திறவுகோலை இம்மனுவைக் கொண்டுவந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும்" என்று ஒரு வரி காணப்படுகிறது. எழுத்தர் என்ன செய்வார்? நகைத்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்வார். மனுவில் இருப்பது மனுதாரரின் சொல். மேலதிகாரியின் ஆணை அன்று என்பது அவருக்குத் தெரியும். இவ்வாறு பிரித்தறிவது மனிதருக்கு எளிது. இயந்திரத்துக்கு அஃது எளிதன்று.

வலைப்பக்கங்களை நமக்குக் காட்டுகின்ற உலாவி என்னும் மென்பொருள், தன்னிடம் வந்து சேரும் பக்கத்தை முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரே ஓட்டமாகப் படிக்கிறது. அதில் எது பக்கத்தை அமைத்தவர் இட்ட கட்டளை, எது யாரோ ஒரு பயனர் எழுதி அனுப்பிய சொல் என்று அது அறியாது. கட்டளையின் வடிவில் இருந்தால் போதும், செய்துவிடும். இந்த இயல்பைப் பயன்படுத்திக்கொண்டு, பிறர் நடத்தும் பக்கத்தில் தம் நிரலைப் புகுத்தும் சூழ்ச்சிக்குக் 'கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்' என்று பெயர். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனத்துப் பொறியாளர்கள் இட்ட பெயர் அது. அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த செர்ட் மையம் இதனைப் பற்றி உலகுக்கு எச்சரிக்கை விடுத்தது. இச்சூழ்ச்சி நுழையும் வாயில்கள் பல. அவற்றுள், படத்தைக் காட்டுவதற்கென அமைந்த குறிச்சொல் ஒன்றை மட்டும் இங்கே ஆராய்வோம்.

வலையின் தொடக்க நாட்களில் பக்கங்கள் பெரும்பாலும் எழுத்தாலேயே ஆனவை. எழுத்தின் நடுவே படத்தையும் காட்ட ஒரு குறிச்சொல் வேண்டும் என்று, 1993ஆம் ஆண்டு பிப்ரவரியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் உலாவியை உருவாக்கிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன் முன்மொழிந்தார். 'ஐ.எம்.ஜி.' என்னும் குறிச்சொல் அவ்வாறு பிறந்தது. அதன் அமைப்பு மிக எளியது. கோண அடைப்புக்குறியைத் திறந்து, ஐ.எம்.ஜி. என்று எழுதி, 'எஸ்.ஆர்.சி.' என்னும் பண்பில் படம் இருக்கும் முகவரியைத் தந்து, குறியை மூடினால் போதும். உலாவி அம்முகவரிக்குச் சென்று படத்தைக் கொண்டுவரும். இவ்வளவில் நின்றிருந்தால் கவலை குறைவு. 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை ஆக்கினார். அதன் பின்னர்ப் படக் குறிச்சொல்லுக்குள்ளும் நிரலை எழுதும் வசதி வந்து சேர்ந்தது. படம் வந்து சேர்ந்தால் செய்ய வேண்டியதை 'ஆன்லோடு' என்னும் பண்பிலும், வாராவிட்டால் செய்ய வேண்டியதை 'ஆன்எரர்' என்னும் பண்பிலும் எழுதலாம்.

வஞ்சகர் பெரிதும் நாடுவது இந்த இரண்டாவது பண்பையே. படத்தின் முகவரியாக இல்லாத ஓர் இடத்தைக் குறிக்கிறார். ஆன்எரர் பண்பில் தம் நிரலை எழுதுகிறார். படம் வாராது என்பது அவருக்கு முன்பே தெரியும். வாராமையே அவர் வேண்டுவது. உலாவி படத்தைத் தேடிச் செல்கிறது, காணாமல் திரும்புகிறது, உடனே எழுதியிருக்கும் நிரலை இயக்குகிறது. பக்கத்தைப் பார்ப்பவர் எதையும் அழுத்த வேண்டியதில்லை. பார்த்ததே போதும்.

'நிரலுக்குரிய ஸ்கிரிப்ட் என்னும் குறிச்சொல்லைத் தடுத்துவிட்டோமே, இனி அச்சம் ஏன்?' என்று சிலர் கேட்பதுண்டு. ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தில் 'இன்னர் எச்.டி.எம்.எல்.' என்னும் வழியாகச் சேர்க்கப்படும் ஸ்கிரிப்ட் குறிச்சொல் இயங்காது என்பது எச்.டி.எம்.எல். தரத்தின் விதியே. ஆனால் அதே வழியில் வரும் படக் குறிச்சொல்லின் ஆன்எரர் தடையின்றி இயங்கும். பெரிய கதவைப் பூட்டிவிட்டுச் சாளரத்தைத் திறந்து வைத்தாற்போன்றது இது.

இன்னொரு வழியும் உண்டு. படத்துக்கு ஒரு விளக்கச் சொல்லை மட்டும் பயனரிடம் கேட்டு, அதனைக் குறிச்சொல்லின் உள்ளே, மேற்கோள் குறிகளுக்கு நடுவே பயன்பாடு வைக்கிறது. பயனரோ தம் விளக்கத்தில் ஒரு மேற்கோள் குறியை எழுதி அப்பண்பை அங்கேயே முடித்துவிட்டு, அடுத்து ஆன்எரர் பண்பையோ ஆன்லோடு பண்பையோ தொடங்குகிறார். கோண அடைப்புக்குறி ஒன்றுகூட இங்கே தேவைப்படவில்லை.

இதனால் விளையும் கேடு யாது? மக்களின் குறைகளைப் பெறும் ஒரு வலைப் பயன்பாட்டை எண்ணிப் பாருங்கள். வந்த குறையை அலுவலர் ஒருவர் தம் கணக்கில் நுழைந்து திறக்கிறார். அதில் மறைந்திருக்கும் நிரல், எழுதி அனுப்பியவரின் உரிமையோடு இயங்குவதில்லை; படிக்கும் அலுவலரின் உரிமையோடு இயங்குகிறது. அவர் காணக்கூடிய முகவரிகளை அதுவும் காணும். அவர் திருத்தக்கூடிய வங்கிக் கணக்கு எண்ணை அதுவும் திருத்தும். உதவித்தொகைக்குக் காத்திருக்கும் ஒருவரின் பணம் வேறொருவரிடம் போய்ச் சேரலாம். பதிவேட்டிலோ, செய்தவர் பெயராக அந்த அலுவலர் பெயரே நிற்கும்.

தீய சொற்களைத் தேடி நீக்கிவிட்டால் போதாதா? போதாது என்பதற்கு 2005ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் நிகழ்ந்தது சான்று. அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்த மைஸ்பேஸ் தளம், பயனர் எழுதுவதில் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் சொல் இருந்தால் நீக்கிவந்தது. சாமி கம்கார் என்னும் இளைஞர் அச்சொல்லை இரண்டாகப் பிளந்து, நடுவே ஒரு வரிமாற்றத்தை வைத்தார். அதனைப் பின்னணிப் படத்தின் முகவரி எழுதும் இடத்தில் இட்டார். சல்லடைக்கு அது வேறு சொல்லாகத் தோன்றியது. அக்கால உலாவிகள் சிலவற்றுக்கோ அதே சொல்லாகவே விளங்கியது. அவர் பக்கத்தைப் பார்த்தவரின் பக்கத்திலும் அந்நிரல் தன்னைப் படியெடுத்து வைத்துக்கொண்டது. ஒரு நாள் முடிவதற்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கணக்குகளில் அது பரவிவிட்டது; தளத்தையே நிறுத்திவைக்க நேர்ந்தது. இன்றைய உலாவிகள் அந்த இடத்தில் நிரலை இயக்குவதில்லை. ஆனால் படக் குறிச்சொல்லின் ஆன்எரர் இன்றும் இயங்குகிறது. தீயவற்றை எண்ணி முடிக்க இயலாது. வேண்டியவற்றை எண்ணி முடிக்க இயலும். காப்புமுறை இவ்வுண்மையின் மேல்தான் எழ வேண்டும்.

அம்முறையின் முதற்படி, பயனர் தந்ததைப் பக்கத்தில் வெளியிடும்போது குறியீடாக மாற்றுவது. சிறிது என்பதைக் குறிக்கும் கோண அடைப்புக்குறிக்கு ஈடாக ஆம்பர்சாண்ட், எல், டி, அரைப்புள்ளி என்னும் நான்கு எழுத்துக்களை வைத்தால், உலாவி அக்குறியைக் காட்டுமேயன்றிக் கட்டளையாகக் கொள்ளாது. பண்பின் உள்ளே வைப்பதாயின் மேற்கோள் குறிகளையும் அவ்வாறே மாற்ற வேண்டும்; பண்பின் மதிப்பை எப்போதும் மேற்கோள் குறிகளுக்குள்ளேயே எழுத வேண்டும்.

பயனர் தாமே படத்தைச் சேர்க்க இடந்தரும் பயன்பாட்டில் இது மட்டும் போதாது. அங்கே வந்த எழுத்தை முழுவதும் பகுத்துப் பார்த்து, அனுமதித்தவற்றை மட்டும் கொண்டு குறிச்சொல்லைப் புதிதாகக் கட்ட வேண்டும். முகவரி, விளக்கம், அகலம், உயரம் ஆகிய நான்கு பண்புகள் படத்துக்குப் போதும். முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்குவதாக இருத்தல் வேண்டும். ஏனைய அனைத்தும், பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், விடப்பட வேண்டும். இப்பணிக்கு டோம்பியூரிஃபை போன்று பலரால் சோதிக்கப்பட்ட நூலகங்கள் இருக்கின்றன. அவற்றை விடுத்துத் தாமே ஒரு சல்லடை பின்னுவது அறிவுடைமை ஆகாது. தூய்மை செய்த பின் அவ்வெழுத்தை மீண்டும் திருத்துதலும் ஆகாது.

படக் கோப்புகளிலும் விழிப்பு வேண்டும். எஸ்.வி.ஜி. வகைப் படம் உண்மையில் எழுத்தால் ஆனது. அதனுள் நிரலும் இருக்கலாம். படக் குறிச்சொல் வழியாகக் காட்டினால் அந்நிரல் இயங்காது. கோப்பின் முகவரியை நேரே திறந்தால் இயங்கிவிடும். ஆதலின் பயனர் ஏற்றும் கோப்புகளை வேறொரு தளப்பெயரில் வைத்தலே நன்று.

இவற்றுக்குப் பின் நிற்கும் வேலிகள் இரண்டு. பக்கத்தின் நடுவே எழுதப்பட்ட நிரல்களை இயக்காதே என்று உலாவிக்கு முன்கூட்டியே ஆணையிடும் 'கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி' ஒன்று. தக்கவாறு அமைத்தால் அது ஆன்எரர் நிரலையும் தடுத்துவிடும். பயனரின் அடையாளம் தாங்கும் குக்கியை நிரல்கள் படிக்காவண்ணம் காக்கும் 'எச்.டி.டி.பி. ஒன்லி' மற்றொன்று. குக்கியைக் காணாவிடினும், புகுந்த நிரல் பயனரின் பெயரால் செயலாற்றக்கூடும். ஆகவே வேலி இருக்கிறது என்று கதவைத் திறந்து வைத்தல் கூடாது.

ஒரு பக்கத்தைத் திறப்பவர் அதன் உள்ளமைப்பை ஆராய்ந்து பார்த்துத் திறப்பதில்லை. அவ்வாறு எதிர்பார்ப்பதும் முறையன்று. அவர் செய்யக்கூடியது நம்புவது ஒன்றே. பிறர் எழுதிய எந்தச் சொல்லும் தம் பக்கத்தில் சொல்லாகவே நிற்கும்படி செய்வது, அந்த நம்பிக்கையைப் பெற்றவர்களின் கடமை.