மல்லிகை மொட்டில் ஓர் ஈ

மதுரை மல்லிகைக்கு 2013-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லோரும் பெருமைப்பட்டுக் கொண்டோம். ஆனால், விடியுமுன் தோட்டத்தில் இறங்கி, மலராத மொட்டாகப் பார்த்துக் கிள்ளிச் சந்தைக்கு அனுப்புகிற குடியானவரின் கவலைகளை நாம் அவ்வளவாக விசாரித்தோமில்லை. அக்கவலைகளுள் ஒன்று, கண்ணுக்குச் சரியாகத் தென்படாத ஓர் ஈ.

ஈ என்றதும் பலகாரத் தட்டைச் சுற்றும் ஈயை நேயர்கள் நினைத்துக் கொள்ள வேண்டாம். இது பார்வைக்குக் கொசுவின் தம்பி. நீளம் சுமார் 2 மில்லிமீட்டர்தான். அதன் ஆயுள் சில நாட்களே. அதற்குள் இளமொட்டில் முட்டையிட்டு விடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழுக்கள் மொட்டுக்குள்ளேயே தங்கி, ஐந்தாறு நாள் விருந்துண்கின்றன. மொட்டு அடியில் பருத்து, வளர்ச்சி குன்றி, ஊதா நிறமேறி, மலராமலே வாடுகிறது. மொட்டுப்புழு என்பது வேறு. அது அந்துப்பூச்சியின் குஞ்சு, மொட்டைத் துளைத்துத் தின்னும். ஈ தாக்கிய மொட்டில் அத்தகைய துளையைக் காண முடியாது. ஒன்றுக்கு உரிய மருந்தை மற்றொன்றுக்குத் தெளித்தால் பணந்தான் விரயம்.

மேலே தெளிக்கும் மருந்து மூடிய மொட்டினுள் இருக்கும் புழுவை எளிதில் எட்டுவதில்லை. ஆனால் முதிர்ந்த புழு எப்படியும் மண்ணுக்கு வந்தாக வேண்டும். ஈரமான வேளையில் அது மொட்டைவிட்டுத் துள்ளித் தரையில் விழுந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, இரண்டு மூன்று வாரங்களில் ஈயாகக் கிளம்புகிறது. ஆகவே சண்டையைச் செடியின் உச்சியில் மட்டுமின்றி அதன் தூரிலும் நடத்த வேண்டும். தூரைச் சுற்றிலும் மண்ணைக் கொத்திக் கிளறி, வேப்பம்புண்ணாக்கு இடுவது நல்லது. செடியிலுள்ள ஊதா மொட்டுக்களையும் கீழே உதிர்ந்தவற்றையும் பொறுக்கி எரித்துவிட வேண்டும். வரப்பில் கொட்டுவது புழுவுக்கு வழியனுப்பு விழா நடத்துவதாகும்!

சொல்வது சுலபம். விலைபோகாத மொட்டைப் பொறுக்கவும் கூலி கொடுக்க வேண்டுமே! பூ மலிந்து விலை விழுந்த நாட்களில், பறிகூலிக்கும் கட்டாது என்று நல்ல மொட்டைக்கூடச் செடியிலே விட்டுவிடுவதுண்டு. ஈக்கு அவை திருநாட்கள். ஒரு தோட்டத்தில் இப்படி விட்டால் அடுத்த தோட்டத்துக்காரர் பொறுக்கியதும் வீணாகிறது. ஈ வேலியை மதிப்பதில்லை. நிலக்கோட்டைப் பக்கமோ திருமங்கலம் பக்கமோ, ஒரு கிராமத்தார் அனைவரும் ஒரே வாரத்தில் கூடி இவ்வேலையைச் செய்தால், தனித்தனியே மருந்துக்குச் செலவிடுவதைவிடப் பிரயோஜனம் அதிகம் என்பது நமது அபிப்பிராயம். நவம்பர் மாதக் கடைசியில் செடிகளைக் கவாத்துச் செய்யும் சமயம் அதற்கு மிகவும் வாய்ப்பானது. அப்போது செடியில் மொட்டும் இராது, தூரும் கைக்கு எட்டும்.