மூளைக் காயமும் குடும்பத்தின் கல்வியும்

ஹிஜ்ரி 313இல் மறைந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்-ராஸி, 'மன் லா யஹ்ழுருஹுத் தபீப்' என்னும் நூலொன்றை இயற்றினார். 'மருத்துவர் அருகில் இல்லாதவருக்கு' என்பது அப்பெயரின் கருத்து. மருத்துவ அறிவு மருத்துவரோடு நின்றுவிடாது வீட்டாரையும் சென்றடைதல் வேண்டும் என்னும் நோக்கம் அத்தலைப்பிலேயே தெளிவாகின்றது. மூளைக் காயத்தைப் பொறுத்தவரை இந்நோக்கம் தனிச்சிறப்பான பொருத்தமுடையது. ஏனெனில், அக்காயத்தின் நெடுங்கால விளைவுகளிற் பெரும்பாலானவை நோயாளி வீடு திரும்பிய பின்னரே முழுமையாக வெளிப்படுகின்றன.

காணும் காயமும் காணாக் காயமும்

வீதி விபத்திலோ வீழ்ச்சியிலோ தலை பலமாக அதிரும்போது மூளை மண்டையோட்டின் உட்புறத்தில் மோதுகின்றது. நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டுச் சிதைகின்றன. அடுத்துவரும் மணித்தியாலங்களிலும் நாட்களிலும் வீக்கமும் இரத்தக் கசிவும் சேதத்தைப் பெருக்கலாம். இக்கட்டத்தில் உயிர்காக்கும் மருத்துவம் பெரிதும் முன்னேறியுள்ளது. கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த கிரஹாம் டீஸ்டேல், பிரயன் ஜெனெட் ஆகியோர் 1974இல் வெளியிட்ட உணர்வுநிலை அளவுகோல் இன்று உலகெங்கும் பயன்படுகின்றது. கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என உயர்ந்தபட்சம் 15 புள்ளிகள். மிகக் குறைந்தது 3. எட்டோ அதற்குக் குறைவோ எனின் காயம் கடுமையானது.

எனினும், நோயாளி விழித்தெழுந்தாரா என்பதை அளக்கும் இக்கோல், அவர் பழைய மனிதராகவே எழுந்தாரா என்பதைச் சொல்வதில்லை. 1848இல் ஐக்கிய அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் புகையிரதப் பாதை அமைக்கும் பணியின் மேற்பார்வையாளரான ஃபினியஸ் கேஜ் என்பவரின் தலையை இரும்புக் கோலொன்று துளைத்துச் சென்றது. அவர் உயிர் பிழைத்தார், நடந்தார், பேசினார். ஆயின், பொறுப்பும் நிதானமும் மிக்க அவரது இயல்பு மாறிவிட்டதென அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் ஹார்லோ 1868இல் பதிவு செய்தார். பிற்காலத்தில் கேஜ் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். நாள்தோறும் ஒரே ஒழுங்கில் அமைந்த அத்தொழில் அவரது நிலை தேறுவதற்குத் துணைசெய்திருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுவர்.

குடும்பம் அறிந்தது

கேஜின் கதை அரியதோர் அதிசயமன்று. 1980களில் நீல் புரூக்ஸ் குழுவினர் கிளாஸ்கோவில் கடுங்காயமுற்றோரின் உறவினரை ஐந்தாண்டுகள் வரை பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். உடற்குறைபாட்டைவிட, மாறிய குணமும் சினமும் மறதியுமே உறவினரை அதிகம் வாட்டின. காலம் செல்லச் செல்ல அவர்களது சுமை குறையவில்லை. முதலாண்டைவிட ஐந்தாம் ஆண்டில் அது கூடியிருந்தது.

இதற்கான காரணத்தை நாம் உணர்தல் அவசியம். முன்மடல் பாதிப்புற்றவர் தாமாக ஒரு வேலையைத் தொடங்க இயலாதிருப்பார். வீட்டார் அதனைச் சோம்பல் என்பர். சொன்னதை மறப்பார், அலட்சியம் என்பர். சிறு இரைச்சலுக்கும் வெகுண்டெழுவார். தீய குணம் என்பர். தமக்குக் குறையேதும் உண்டென்பதையே அவர் அறியாதிருத்தலும் கூடும். அதுவும் காயத்தின் விளைவே. விளக்கம் கிடைக்காத வீட்டில் நோய் குற்றமாகின்றது, நோயாளி குற்றவாளியாகின்றார். மணமுறிவும் தனிமையும் இவ்வழியே நுழைகின்றன.

கற்பித்தலின் வழிகள்

இவ்விடைவெளியை முதலில் நிரப்ப முயன்றோரில் குடும்பத்தினர் முக்கியமானவர்கள். பிரித்தானியாவில் 1979இல் ஹெட்வே அமைப்பும், ஐக்கிய அமெரிக்காவில் 1980இல் இன்றைய மூளைக் காயச் சங்கத்தின் முன்னோடி அமைப்பும் அவர்களது முயற்சியாலேயே உருவாயின. அமெரிக்கச் சங்கம் தொழில்சார் பணியாளருக்குச் சான்றிதழ்ப் பயிற்சியும் வழங்குகின்றது. மூளைக் காயமுற்றோருடன் 500 மணித்தியாலங்கள் நேரடியாகப் பணியாற்றிய அனுபவம் அதற்கு நிபந்தனையாகும். நூலறிவு மட்டும் போதாதென்பதே இதன் உட்பொருள்.

இத்தகைய பயிற்சிகள் கற்பிப்பவை எளிமையானவை. ஆயின், இயல்பாகத் தோன்றாதவை. ஒரு நேரத்தில் ஓர் அறிவுறுத்தல் மட்டும் தருதல். நாளை ஓர் ஒழுங்கில் அமைத்தல். களைப்பு மேலிடுமுன் ஓய்வளித்தல். சினம் எழுந்தபின் வாதிடாது, அதனைத் தூண்டியது எதுவென முன்கூட்டியே கண்டு விலக்குதல் என்பன அவற்றுட் சில. 'யோசித்துப் பார், நினைவு வரும்' என வற்புறுத்துவது கடும் மறதியுள்ளவருக்குத் தீங்காகலாம். தவறான விடையைத் திருத்திக்கொள்ள இயலாது, அதுவே அவர் மனத்திற் பதிந்துவிடக்கூடும். எனவே, பிழைக்கு இடமளிக்காது சரியான விடையை முதலிலேயே தந்து பழக்குதல் சிறந்ததென பாட்லி, பார்பரா வில்சன் ஆகியோரின் 1994ஆம் ஆண்டின் ஆய்வு காட்டிற்று.

கற்பித்தல் ஒருவழிப் பாதையுமன்று. செய்யவேண்டிய பணியை உரிய வேளையில் நினைவூட்டும் நியூரோபேஜ் என்னும் சிறு கருவி, தலைக்காயமுற்ற இளைஞர் ஒருவரின் தந்தையான பொறியியலாளரும் ஓர் உளவியலாளரும் இணைந்து கலிஃபோர்னியாவில் உருவாக்கியது. பிரித்தானியாவில் 143 பேரிடம் நடைபெற்று 2001இல் வெளியான ஆய்வு அதன் பயனை நிறுவியது. இன்று கைத்தொலைபேசியே அப்பணியை ஆற்றவல்லது.

வீட்டாரின் துயரமும் இக்கல்வியின் ஒரு பகுதியாதல் வேண்டும். உயிரோடிருக்கும் ஒருவரை இழந்துவிட்டதாக உணரும் நிலையைப் பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 'தெளிவற்ற இழப்பு' என அழைத்தார். மரணத்திற்கு ஆறுதல் கூற ஊர் திரளும். இவ்விழப்புக்கு எவரும் வருவதில்லை. மாறாக, 'பிழைத்தாரே, அது போதாதா' என்ற சொல்லே கிடைக்கின்றது.

ஆகவே, நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருந்துச் சீட்டோடு மட்டும் மருத்துவமனையின் கடமை முடிவதில்லை. இனி எதை எதிர்பார்க்க வேண்டும், எது காயத்தின் விளைவு, எவரிடம் வினவ வேண்டும் என்பவற்றை வீட்டார் அறிந்து செல்லுதல் வேண்டும். அவர்கள் வீட்டில் காண்பனவற்றை மருத்துவர் செவிமடுத்தலும் வேண்டும். இவ்விரண்டும் நிகழுமிடத்து, காயமுற்றவர் பழைய மனிதராக மாறாவிடினும், குற்றவாளியாக அன்றி ஒரு குடும்பத்தின் அங்கத்தவராக வாழ வழி பிறக்கும்.