கொசுவம் முன்னாலா, பின்னாலா?

சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்குச் செல்லும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால், வெளியே சற்றுக் கவனியுங்கள். மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருக்கும் மூதாட்டி ஒருவர் கண்ணில் படலாம். அவருடைய சேலையில் கொசுவம் முன்புறம் இராது. இடுப்பின் பின்புறம் விசிறிபோல் விரிந்திருக்கும். அதே பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கையில் பள்ளி ஆசிரியை ஒருவர் அமர்ந்திருந்தால், அவருடைய கொசுவம் முன்புறம் சீராக அடுக்கிச் செருகப்பட்டிருக்கும். துணி ஒன்றுதான், மடிப்பு இருக்கும் இடம்தான் வேறு.

பின்கொசுவம் பட்டிக்காட்டுக் கட்டு என்று முகம் சுளிப்போர் உண்டு. பாட்டி கட்டியதுதான் உடம்புக்கு நல்லது என்று வாதிடுவோரும் உண்டு. இரு தரப்பாரும் சேலையைப் பார்க்கிறார்களே தவிர, அதை உடுத்தியவர் செய்யும் வேலையைப் பார்ப்பதில்லை. கொசுவம் என்பது வெறும் அழகுக்காக ஏற்பட்டதா? அதற்கு வேறு வேலை ஏதேனும் உண்டா? ஒரு முழ நூலும் சிறிது கணக்கும் இருந்தால் இதற்கு விடை கண்டுவிடலாம்.

கொசுவம் ஒரு சேமிப்பு

நம் இடுப்பின் சுற்றளவு ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சேலையின் நீளமோ ஐந்தரை மீட்டர். இடுப்பில் தேவைப்படாத துணியை எங்கே வைப்பது? மடித்து ஓரிடத்தில் அடுக்கி வைக்கிறோம். 12 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மடிப்புக்குப் போக 12, வர 12 என 24 சென்டிமீட்டர் துணி செலவாகும். இப்படி ஆறு மடிப்புகள் எடுத்தால் 144 சென்டிமீட்டர் துணி உள்ளே அடங்கிவிடும். ஆனால் இடுப்பில் அது பிடிக்கும் இடம் 12 சென்டிமீட்டர் மட்டுமே.

இடுப்பில் அடங்கியிருக்கும் இந்தத் துணி கணுக்காலருகே தளர்ந்து தொங்குகிறது. நாம் கால் எடுத்து வைக்கும்போது விரிகிறது. கால்கள் சேரும்போது மீண்டும் மடங்குகிறது. ஆகவே கொசுவம் என்பது மேலே பூட்டி, கீழே திறந்து வைத்த சேமிப்பு.

ஓர் அடிக்கு எவ்வளவு துணி?

இப்போது ஒரு சிறு சோதனை. சாதாரணமாக நடக்கும்போது எடுத்து வைக்கும் அளவுக்கு ஒரு காலை முன்னால் வைத்து அப்படியே நில்லுங்கள். நண்பரை ஒரு நூலால் உங்கள் இரு கணுக்கால்களையும் சேர்த்துச் சுற்றி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு கப்பிகளைச் சுற்றி ஓடும் வாரைப்போல் அந்த நூல் அமையும். அதன் நீளம், கால்களுக்கு இடையேயுள்ள தூரத்தின் இரு மடங்குடன் ஒரு கணுக்காலின் சுற்றளவைக் கூட்டியதற்குச் சமம்.

அடியின் தூரம் 65, கணுக்கால் சுற்றளவு 25 என்றால், 130ஐயும் 25ஐயும் கூட்ட 155 சென்டிமீட்டர். இடுப்பை 95 சென்டிமீட்டரில் நெருக்கமாகச் சுற்றிய, மடிப்பே இல்லாத துணி இந்த அடிக்கு இடம் கொடாது. 60 சென்டிமீட்டர் குறைகிறது. வாய்க்காலைத் தாண்ட ஒரு மீட்டர் எட்டி வைத்தால் 225 சென்டிமீட்டர் வேண்டும். ஆறு மடிப்புக் கொசுவம் உள்ள சேலையில் 95ஐயும் 144ஐயும் கூட்டினால் 239 சென்டிமீட்டர் கிடைக்கிறது. தாராளமாகத் தாண்டலாம். மூன்றே மடிப்பு என்றால் 167 சென்டிமீட்டர்தான். நடக்கலாம், தாண்ட முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெளியே கொசுவம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும், உள்பாவாடையின் கீழ்ச்சுற்று குறுகலாக இருந்தால் கால் அதில்தான் மாட்டும். படியேறும்போதும் பேருந்தில் ஏறும்போதும் தடுமாறுவோர் சேலையைக் குறை கூறுவதற்கு முன் உள்பாவாடையின் கீழ்ச்சுற்றை அளந்து பார்க்க வேண்டும்.

ஆண்கள் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறார்கள். நான்கு முழ வேட்டி சுமார் 1.8 மீட்டர் நீளமுடையது. வேலை என்று வந்ததும் அதை மடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். ஏன்? கணுக்கால்கள் 65 சென்டிமீட்டர் விலகும்போது முழங்கால்கள் அதில் ஏறக்குறையப் பாதிதான் விலகுகின்றன. 32ஐ இரட்டித்து, முழங்காலின் சுற்றளவாகிய 36ஐக் கூட்டினால் 100 சென்டிமீட்டர். இது இடுப்புச் சுற்றளவை ஒட்டியே இருக்கிறது. எனவே துணியை உயர்த்திவிட்டால் கொசுவம் இல்லாமலேயே நடக்கலாம். நாற்று நடும் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகுவதும் இதே கணக்கின்படிதான்.

குனியும்போது நடப்பது

நடப்பதற்கு வேண்டிய அகலத்தை முன்கொசுவமும் தரும், பின்கொசுவமும் தரும். வேறுபாடு தெரிவது குனியும்போதுதான்.

நீங்கள் குனியும்போது வயிற்றுப் பக்கம் மடங்கிச் சுருங்குகிறது. பின்புறம் நீண்டு அகல்கிறது. முன்கொசுவத்தில் ஆறு மடிப்புக்குப் பன்னிரண்டு அடுக்குத் துணி, சுருங்கும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அது வயிற்றில் அழுத்துகிறது. வியர்வை உலர வழியில்லை. குந்தி உட்கார்ந்தால் மடிப்புகள் இரு கால்களுக்கும் நடுவே சரிந்து சேற்றில் தோய்கின்றன. எழும்போது அவற்றையே மிதிக்க நேரிடுகிறது.

பின்கொசுவத்தில் மடிப்புகளை இடுப்பின் பின்புறம் வைத்து, எஞ்சிய துணியை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து இறுக்குகிறார்கள். மடிப்புகளின் மேல்நுனி வெளியே மடிந்து விசிறியாக விழுகிறது. வயிற்றின்மேல் மொத்தையான அடுக்கு இல்லை. குந்தும்போது எந்த இடம் அகல்கிறதோ அந்த இடத்திலேயே விரியக்கூடிய துணி இருக்கிறது. நாள் முழுதும் குனிந்து களை வெட்டுபவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலையையும் முற்காலத்தில் இப்படிப் பின்கொசுவம் வைத்தே கட்டினர்.

ஆனால் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவருக்கு இதுவே இடையூறு. அடுக்கிய மடிப்பின்மேலேயே உட்கார வேண்டும்; அது கசங்கும், உறுத்தும், சூட்டையும் கூட்டும். அவருக்கு முன்கொசுவம்தான் சௌகரியம்.

ஸ்காட்லாந்திலும் பின்கொசுவம்

பின்னால் மடிப்பு வைப்பது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் கில்ட் என்னும் முழங்கால் அளவு ஆடையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் முன்பக்கம் தட்டையானது. மடிப்புகள் பக்கங்களிலும் பின்னாலும்தான். ஏழு மீட்டருக்கு மேற்பட்ட கம்பளித் துணிகூட ஒரு கில்ட்டுக்குச் செலவாவதுண்டு. உட்காரும்போது அதை அணிந்தவர் கையால் பின்மடிப்பைத் தடவிச் சீர் செய்துகொண்டே உட்கார வேண்டும்.

அங்கும் தேர்வு உண்டு. எல்லா மடிப்பும் ஒரே பக்கம் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று படிவது கத்தி மடிப்பு. இருபுறமும் மடக்கி, நடுவில் பட்டையாக விடுவது பெட்டி மடிப்பு. கத்தி மடிப்புக்குத் துணி மிகுதியாக வேண்டும். நடக்கும்போது அசைவும் மிகுதி. பெட்டி மடிப்பு குறைந்த துணியில் தட்டையாக அமையும். கட்டங்களின் ஒழுங்கு மாறாமல் தெரியும்படி மடிப்பதும் உண்டு. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு தெரியும்படி மடிப்பதும் உண்டு. கட்டம்போட்ட சேலையில் கொசுவம் எடுக்கும்போது கோட்டோடு கோடு பொருந்துமாறு பிடிப்பவர், அறியாமலே அதே கலையைத்தான் கையாள்கிறார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கில்ட்டின் மடிப்பு தைத்து நிலைத்துவிட்டது. சேலையின் மடிப்பை நாள்தோறும் புதிதாக எடுக்கலாம். வேலைக்கேற்ப இடம் மாற்றலாம்.

மடிப்பு எப்படி நிற்கிறது?

ஒரே கை எடுத்த கொசுவம் ஒரு சேலையில் கத்திபோல் நிற்கிறது; மற்றொன்றில் மாலைக்குள் உப்பிவிடுகிறது. காரணம் நூலில் இருக்கிறது.

பருத்தி இழையின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கின்றன. நீர் பட்டால் அவை விடுபடும்; உலரும்போது புதிய நிலையில் மீண்டும் பிணையும். ஈரம் தெளித்து இஸ்திரி போட்டால் மடிப்பு விழுவது இதனால்தான். வியர்வை பட்டால் அது கலைவதும் இதனால்தான். கஞ்சி, நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவாமல் ஒட்டிப் பிடிக்கிறது. அதனால் துணி விறைக்கிறது.

பாலியெஸ்டரின் வழி வேறு. ஏறத்தாழ 70, 80 டிகிரி செல்சியசுக்கு மேல் அதன் சங்கிலிகள் அசையத் தொடங்கும். சூட்டில் மடித்து ஆறவிட்டால் மடிப்பு நிலைத்துவிடும். துவைத்தாலும் எளிதில் போகாது. ஆனால் அது ஈரத்தை ஏற்பதில்லை. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கும். பட்டு சுமார் 11 விழுக்காடு. பாலியெஸ்டரோ அரை விழுக்காட்டுக்கும் குறைவு. சித்திரை வெயிலில் பன்னிரண்டு அடுக்குப் பாலியெஸ்டர் வயிற்றின்மேல் இருந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இராசிபுரம் பட்டைப் போன்ற சரிகைக் கரையுள்ள சேலைகளில் கரையின் கனமே மடிப்பைக் கீழ்நோக்கி இழுத்து நேராக நிறுத்துகிறது.

இடுப்பை இறுக்காதீர்கள்

கொசுவம் எங்கே இருந்தாலும் அதைத் தாங்குவது இடுப்பில் உள்ள இறுக்கம். இங்கேதான் உடல்நலம் பற்றிய செய்தி வருகிறது. பல்லாண்டுகள் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் தோல் கறுத்து, உரிந்து, புண்ணாகலாம். ஆறாத புண் மிக அரிதாகத் தோல் புற்றுநோயாக மாறுவதும் உண்டு. வேட்டியின் இறுக்கத்தால் இடுப்பில் வரும் இத்தகைய புற்றுநோயைப் பம்பாயைச் சேர்ந்த கனோல்கரும் சூரியபாயும் 1945-இல் எழுதிய கட்டுரையில் விவரித்தனர். 2024-இல் இரண்டு மூதாட்டியரின் நிலை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயிற்று. ஒருவர் உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டியவர். மற்றவர் உள்பாவாடையே இல்லாமல் சேலையை இடுப்பில் இறுகச் சுற்றிக் கட்டியவர். ஆகவே நாடா இல்லாத பழைய கட்டு என்பதாலேயே அது தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. அரை சென்டிமீட்டர் நாடாவுக்குப் பதில் நான்கு சென்டிமீட்டர் பட்டை வைத்தால், அதே இழுவிசையில் அழுத்தம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். முடிச்சின் இடத்தை அவ்வப்போது மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் தளர்த்திக்கொள்ளுங்கள். இடுப்பில் ஆறாத புண் இருந்தால், கூச்சப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

குனிந்து, குந்தி, வரப்பில் தாவிச் செய்யும் வேலைக்குப் பருத்திச் சேலையும் பின்கொசுவமும். நின்று பாடம் நடத்தவும் நாற்காலியில் அமரவும் முன்கொசுவம். விழாவுக்கு, நன்றாக விழும் கனமான கரையுடன் அகலமான மடிப்புகள். இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் அமரும்போது முன்னோ பின்னோ, தளர்ந்த துணியைத் தொடைக்கடியில் அடக்கிக்கொள்ளுங்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என்கின்றன. ஆடை சிக்காமல் இருப்பதற்காகவே அது. அதைக் கழற்றி விடாதீர்கள். விசைத்தறிக் கூடத்திலும் சுழலும் எந்தப் பொறியின் அருகிலும் தொங்கும் மடிப்பு எதுவுமே கூடாது.

அடுத்த முறை அந்த மூதாட்டியைக் காணும்போது, நாகரிகம் தெரியாதவர் என்று எண்ணாதீர்கள். எந்த இடத்தில் உடம்பு விரிகிறதோ அந்த இடத்தில் துணியைச் சேமித்து வைத்திருக்கிறார் அவர். நூலும் அளவுகோலும் கொண்டு நாம் இப்போது கண்டதை, அவர் களைவெட்டும் காட்டிலேயே கண்டவர்.