முயலின் மௌனம் சம்மதமல்ல

குரைக்காத, கத்திக் கூப்பிடாத பிராணியை வளர்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அது பேச வேண்டியதையும் நாமே பேசிவிடுகிறோம். வளர்ப்பு முயலைத் தூக்கி மடியில் வைத்தால் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மல்லாத்திப் பிடித்தால் கால்கள் தளர்ந்து, பார்வை நிலைகுத்தி, தாலாட்டில் உறங்கிப்போன குழந்தை போலக் கிடக்கும். ‘எவ்வளவு பாசம் பாருங்கள்’ என்று வீட்டார் பூரித்துப்போவார்கள். இந்த மல்லாத்தும் பழக்கத்தைச் சோதித்து பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது வேறு. அப்படிக் கிடக்கும் முயலின் ரத்தத்தில், அச்சத்திலும் நெருக்கடியிலும் ஏறும் கார்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறியிருந்தது. வேட்டை விலங்கின் பிடியில் சிக்கியபின், செத்ததுபோல் கிடந்து பிடி தளரக் காத்திருப்பது முயலின் கடைசி உபாயம். அதைத்தான் நாம் கொஞ்சலாக எடுத்துக்கொள்கிறோம். ஆகவே முயலின் உறவை, அது அடங்கிக் கிடக்கும் நேரத்தில் அளக்கக் கூடாது. ஓடிப்போக வழி இருந்தும் ஓடாமல் நிற்கும் நேரத்தில்தான் அளக்க வேண்டும். முயலுக்கும் முயலுக்கும் நடுவே உள்ள உறவானாலும், முயலுக்கும் மனிதருக்கும் நடுவே உள்ளதானாலும் அளவுகோல் இதுதான்.

கடையில் வாங்கும் வெள்ளை முயலும், நம் ஊர்ப் புதர்க்காட்டில் குதித்தோடும் காட்டு முயலும் ஒன்றல்ல. காட்டு முயல் வளை தோண்டாது, பெரும்பாலும் தனித்துத் திரியும். அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வளர்ப்பு முயல் இனங்கள் அத்தனையும் ஸ்பெயின், போர்ச்சுகல், தென் பிரான்ஸ் பகுதிகளின் ஐரோப்பிய முயலிலிருந்து வந்தவை. அது வளைகளில் கூட்டமாக வாழும். கண் திறக்காத, ரோமமில்லாத குட்டிகளை ஈனும். அதன் சமூக ஒழுங்கு முழுவதும் வாடையில் எழுதப்பட்டது. ஆஸ்திரேலியாவில் முயல்களை நெடுங்காலம் ஆராய்ந்த ரோமன் மிகிடோவிச், மோவாய்க்கு அடியில் உள்ள சுரப்பியின் வேலையைத் துலக்கிக் காட்டினார். மேஜைக்கால், கதவு விளிம்பு, நம் செருப்பு என்று கண்டதிலெல்லாம் முயல் மோவாயை ஒரு தேய் தேய்த்துவிட்டுப் போகிறதே, அது ‘இது எங்கள் எல்லை’ என்று இடும் கையொப்பம். நமக்கு அந்த வாடை தெரியாது. கூட்டத்தில் ஆதிக்கம் உள்ள முயலுக்கு அந்தச் சுரப்பி பெரிதாக இருக்கும். அது அடிக்கடி தேய்க்கவும் செய்யும். வேற்று முயலின் வாடை பூசப்பட்ட தன் குட்டிகளையே தாய் தாக்கியதாகவும் பதிவுகள் உள்ளன. பார்த்த முகத்தைக் காட்டிலும் பழகிய வாடையே அங்கே உறவுக்குச் சாட்சி.

பல நூற்றாண்டுகளாக மனிதரோடு வாழ்ந்த பிராணிக்குக் காட்டு வழக்கம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காட்டில் வாழும் ஐரோப்பிய முயலோடு ஒப்பிட்டால், வளர்ப்பு முயலின் மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா சிறுத்தும், அதைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதி பெருத்தும் இருப்பதை 2018-இல் வெளியான ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் குறைந்தது அச்சத்தின் அளவுதான். வாழ்க்கை முறை அப்படியே நிற்கிறது. வளர்ப்பு முயல்களை விசாலமான அடைப்பில் திறந்துவிட்டபோது அவையும் எல்லை குறித்தன, தங்களுக்குள் மேல் கீழ் வரிசை வகுத்தன.

இந்தப் பின்னணியில் பார்த்தால், தனியாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு இன்னொரு முயலை வாங்கி வந்து அதே கூண்டில் விடுவது ஏன் ரத்தக்காயத்தில் முடிகிறது என்பது புரியும். புதியது விருந்தாளி அல்ல, எல்லை மீறியது. இரு வீட்டாரும் சம்மதித்தாலும் முயல்கள் சம்மதிக்க வேண்டுமே! அதற்கு முதலில் வாடை பழக வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்து, விரிப்பையும் புல்லையும் மாற்றி மாற்றிப் போட்டால், வேற்று வாடை மெல்ல வீட்டு வாடை ஆகிவிடும். பிறகு இரண்டுக்குமே சொந்தமில்லாத ஓரிடத்தில் சிறிது நேரம் பார்க்க விட வேண்டும். துரத்தலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதும் அப்போது நடக்கும். ஏறுவது காமம் மட்டுமல்ல, வரிசை தீர்ப்பதும்கூட. பெண் முயலும் ஏறும். உருண்டு கடித்துக்கொள்ளும் அளவுக்குப் போனால் உடனே பிரிக்க வேண்டும். ஒரு முயல் மற்றதன் மூக்கடியில் தலையைத் தரையோடு தாழ்த்தி நீட்டும். ‘நக்கிவிடு’ என்று அதற்குப் பொருள். மற்றது சற்று யோசித்து, நெற்றியிலும் கண்ணோரத்திலும் நக்கத் தொடங்கினால் பாதி வழி வந்தாயிற்று. பணிவுபோலத் தெரிந்தாலும், தலை தாழ்த்திக் கேட்பது பல நேரம் வலுத்த முயல்தான் என்பது இதில் ஒரு வேடிக்கை. காயடித்த ஆணும் கருத்தடை செய்த பெண்ணும் மிக எளிதில் இணங்கும் ஜோடி. காயடித்த ஆணுக்கும் சில வாரங்கள் சினைப்படுத்தும் திறன் இருக்கும் என்பதை மறந்தால் முப்பத்தோராம் நாளில் குட்டிகள் வந்து நினைவுபடுத்தும்.

இரண்டையும் ஒரு பெட்டியில் அடைத்துக் காரில் சுற்றிக் கூட்டிவந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று சில வளர்ப்பாளர்கள் குறுக்குவழி சொல்வதுண்டு. ஒட்டிக்கொள்ளும்தான். ஆட்டமும் இரைச்சலும் வந்தால் பகையான முயல்கள்கூட ஒன்றின் அடியில் ஒன்று ஒளியப் பார்க்கும். மல்லாத்திய முயலைப் பாசமென்று படித்த அதே பிழை இங்கே இரண்டு முயல்களில் நடக்கிறது. வீடு வந்து பெட்டி திறந்தபின், இடம் தாராளமாக இருந்தும் பக்கத்தில் வந்து படுக்கிறதா என்பதே கேள்வி.

இவ்வளவு சிக்கல் எதற்கு, ஒன்றை மட்டும் வளர்த்தால் போதாதா என்பது அடுத்த வாதம். இதற்கு முயல்களிடமே விடை கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஆய்வுக்கூடப் பெண் முயல்களுக்கு எடை கூட்டப்பட்ட கதவுகளை வைத்து, எதை அடைய எவ்வளவு பாரத்தைத் தள்ளும் என்று 2008-இல் வெளியான ஆய்வில் அளந்தார்கள். இன்னொரு முயலின் அருகாமைக்கு அவை தந்த மதிப்பு உணவுக்குத் தந்ததை நெருங்கி நின்றது. 2020-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், குளிர்காலத்தில் காப்பகம் ஒன்றில் தனியாக இருந்த முயல்களின் உடல் வெப்பம் ஜோடி முயல்களைவிடக் குறைவாக இருந்தது. கூண்டுக் கம்பியைக் கடிக்கும் கெட்ட பழக்கமும் தனித்தவற்றிடம்தான் தெரிந்தது. வெப்பக் கணக்கு சென்னைக்குப் பொருந்தாது, உண்மை. இங்கே முயலுக்கு எமன் வெயில்தான். கம்பி கடிப்பதற்கோ குளிர் காரணமாகத் தெரியவில்லை.

மனிதரோடு உள்ள உறவுக்கும் நுழைவாயில் மூக்குதான். தாய் முயல் நாளைக்கு ஒரே ஒரு முறை, மூன்று நான்கு நிமிடம் மட்டும் பாலூட்டிவிட்டுப் போய்விடும். அந்தச் சில நிமிடத்தில் குருட்டுக் குட்டி காம்பைக் கண்டுபிடிப்பது பாலில் உள்ள ஒரு வாடைப் பொருளால் என்று 2003-இல் கண்டறிந்தார்கள். பாலூட்டலை ஒட்டிய நேரத்தில் குட்டியின் புலன்கள் கூர்மையாக விழித்திருக்கும். ஹங்கேரியில் பில்கோ, ஆல்ட்பேக்கர் என்ற இரு ஆய்வாளர்கள், குட்டிகள் பிறந்த முதல் வாரத்தில் அந்த நேரம் பார்த்து அவற்றைக் கையில் எடுத்துப் பழக்கினார்கள். வளர்ந்தபின் அவை மனிதரைக் கண்டு மிரளவில்லை. காட்டில் வாழும் ஐரோப்பிய முயலின் குட்டிகளிடமும் இது பலித்தது. வேறு நேரத்தில் பழக்கியதற்கு அந்தப் பலன் இல்லை. இரண்டு மாதக் குட்டியை வாங்கி வருபவருக்கு அந்த வாரம் எப்போதோ கழிந்துபோயிருக்கும். அவர் பொறுமையால் ஈடுகட்ட வேண்டியதுதான்.

பொறுமை என்றால் தரையில் உட்காருவது. பக்கவாட்டில் கண்கள் அமைந்த முயலுக்குச் சுற்றிலும் தெரியும், மூக்குக்கு நேர் முன்னே மட்டும் தெரியாது. அங்கே கையை நீட்டினால் திடுக்கிடும். மேலிருந்து வரும் கை பருந்து. அதன் எலும்புக்கூடு உடல் எடையில் ஏழெட்டு சதவீதம்தான்; பின்கால்களின் வலுவோ அபாரம். தூக்கும்போது உதறினால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். அதனால் கூண்டைத் திறந்துவிட்டு, விடியலிலோ அந்தியிலோ முயல் சுறுசுறுப்பாக உள்ள வேளையில் கீழே அமர்ந்து நம் வேலையைப் பார்ப்பதே நல்ல வழி. அது வரும். மோந்து பார்க்கும், முழங்காலில் மோவாயைத் தேய்க்கும், ஒரு நாள் கை அருகே தலையைத் தாழ்த்தும்.

தின்பதற்கு வருகிறது, அன்புக்கல்ல என்று சொல்பவர் உண்டு. கொத்தமல்லித் தழைக்காக வரும் முயல் தழை தீர்ந்ததும் போய்விடும். தழை தீர்ந்தபின்னும் பக்கத்தில் பொத்தென்று சாய்ந்து, வயிறு தெரிய, பின்கால்களை நீட்டிப் படுக்கும் முயலைத் தின்பண்டத்தால் மட்டும் விளக்க முடியாது. எந்நேரமும் ஓடத் தயாராக இருக்கும் பிராணி, உடனே எழுந்து ஓட முடியாத நிலையில் தன்னை வைத்துக்கொள்கிறது. ஜோடி சேர்த்தால் நம்மை மறந்துவிடுமே என்ற கவலையும் இதில் ஓரளவு தீரும். ஒரு முயல் அச்சமின்றி நம்மிடம் வரும்போது கூட இருக்கும் மிரண்ட முயலும் பின்னாலேயே வந்து பார்ப்பதை வளர்ப்போர் பலர் சொல்கிறார்கள். நாள் முழுக்க நம்மைச் சார்ந்திருப்பது குறையும் என்பது மெய். காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு அது நஷ்டமாகத் தோன்ற வேண்டியதில்லை.