வண்டிச் சக்கரங்களின் நட்டுகளை முடுக்கும் முறை

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளிகளில் விளையும் மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்கும், கரும்பு சர்க்கரை ஆலைக்கும், கோழிப் பண்ணை முட்டை வெளியூர்களுக்கும் போய்ச் சேர்வது ரப்பர் டயர் பூட்டிய சக்கரங்களின் மேலேயாகும். டயர் பழுதுபட்டால் குடியானவர்கள் சாலையோரத்து டயர் கடையில் அதைச் சீர்செய்து கொள்கின்றனர். அப்போது டயரின் விலையையும் காற்றின் அளவையும் விசாரிப்பவர் பலர். சக்கரத்தைத் திரும்பப் பூட்டுகையில் நட்டுகள் எவ்வாறு முடுக்கப்படுகின்றன என்று நின்று பார்ப்பவர் சிலரே. ஓடும் வண்டியினின்று கழன்ற சக்கரம் அவ்வண்டிக்கு மாத்திரம் கேடு செய்வதன்று. எதிரே வருபவர் மீதும் ஓரமாய் நடப்பவர் மீதும் பாய்ந்து உயிரைப் போக்க வல்லது.

நட்டு செய்யும் வேலை

நட்டை முடுக்கும்போது ஸ்டட்டு மயிரிழையளவு நீள்கிறது. இழுக்கப்பட்ட வில் சுருங்க முயல்வது போல, அந்த ஸ்டட்டும் சுருங்க முயன்று சக்கரத் தட்டை ஹப்பின் மேல் அழுத்திப் பிடிக்கிறது. இந்தப் பிடிப்பே சக்கரத்தை அசையாமல் நிறுத்துவது. பிடிப்புத் தளர்ந்தால் தட்டு அசையும். துளைகள் நீண்டு அகலும். ஸ்டட்டு சுற்றுக்குச் சுற்று வளைந்து வலுவிழந்து முறியும். ஒன்று முறிந்தால் அதன் பங்கு அடுத்தவற்றின் மேல் விழுவதால் அவையும் விரைவில் முறியும்.

அளவுக்கு மிஞ்சி முடுக்குவதும் தீமையே. வரம்பு கடந்து இழுபட்ட ஸ்டட்டு பழைய நிலைக்குத் திரும்பாது, பிடிப்பும் குறையும், மரையும் அழியும். ஆதலின் 'நன்றாக இறுக்கு' என்று சொல்வது போதாது. 'சரியான அளவுக்கு முடுக்கு' என்பதே முறை.

கடையில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, சக்கரத் தட்டும் ஹப்பும் ஒன்றோடொன்று பொருந்தும் முகங்களில் சேறு, துரு, புதுப் பெயிண்டு ஆகியவை இருத்தலாகாது. அவை வண்டி ஓட ஓட நசுங்கிக் கரைய, அந்த அளவுக்குப் பிடிப்பும் குறைந்துவிடும்.

இரண்டாவது, நட்டுகளை முதலில் கையாலேயே சில சுற்று ஏற்றுதல் வேண்டும். கையால் ஏறாத நட்டு மரை கெட்டதாகும். அதனை மாற்ற வேண்டுமேயன்றி வலிந்து ஏற்றலாகாது. கூம்பு முகமுள்ள நட்டுகளில் கூம்புப் பக்கம் தட்டை நோக்கி இருத்தல் அவசியம்.

மூன்றாவது, அடுத்தடுத்த நட்டுகளை வரிசையாக முடுக்காமல், ஒன்றை முடுக்கியபின் அதற்கு எதிர்ப்புறத்ததை முடுக்கி, இரண்டு மூன்று தடவைகளில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கடைசி முடுக்கு, ஜாக்கியை இறக்கிச் சக்கரம் தரையில் ஊன்றிய பின்னரே ஆகும்.

நான்காவது, காற்றால் இயங்கும் 'கன்' விரைவில் ஏற்றுவதற்கு மட்டுமே உரியது. அதன் வேகம் காற்றழுத்தத்துக்குத் தக்கபடி மாறுவதால் முடிவான அளவை அதனிடம் விடலாகாது. அளவு காட்டும் டார்க் ரெஞ்சினாலேயே முடித்தல் வேண்டும். கார்களில் இந்த அளவு பெரும்பாலும் 90 முதல் 130 நியூட்டன் மீட்டர் வரை. 22 மில்லிமீட்டர் ஸ்டட்டுள்ள கனரக லாரிகள் பலவற்றில் 550 முதல் 650 வரை. ஒரு மீட்டர் நீளப் பிடியின் நுனியில் 60 கிலோ எடை தொங்கினால் ஏறத்தாழ 590 நியூட்டன் மீட்டர் உண்டாகும் என்பதிலிருந்து இதன் பெருமையை அறியலாம். ஒவ்வொரு வண்டிக்கும் உரிய சரியான அளவு அதன் கைப்புத்தகத்தில் இருக்கும். மரையில் எண்ணெய் இடுவதும் அப்புத்தகம் சொல்லும்படியே ஆகும்.

டிராக்டர் உடையவர்களுக்கு

டிராக்டரின் பின்சக்கரத்தில், தட்டை அச்சோடு பிணைப்பவை, தட்டை ரிம்மோடு பிணைப்பவை என நட்டுகள் இருவகை. அநேகர் முதல் வகையை மட்டும் பார்த்து மற்றதை மறந்துவிடுகின்றனர். சேற்றுழவுக்குக் கூண்டுச் சக்கரம் பூட்டி எடுத்த பின்னும், சக்கரங்களின் இடைவெளியை மாற்றிய பின்னும் இருவகையையும் சோதித்தல் நலம். டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் சக்கரத்தின் எடை மிகவும் கூடுமாதலால் எச்சரிக்கையும் கூட வேண்டும்.

மறுமுறை முடுக்குதல்

புதிதாய்ப் பூட்டிய சக்கரம் சிறிது ஓடியபின் அமர்ந்து, பிடிப்புத் தளர்வது இயல்பு. ஆகையால் லாரிகளில் 50 முதல் 80 கிலோமீட்டருக்குள் மறுபடியும் அளவு பார்க்க வேண்டும். சேலத்தில் டயர் மாற்றிய லாரி நாமக்கல் வந்து சேரும்போது ஏறத்தாழ அந்தத் தூரத்தை ஓடியிருக்கும். சரக்கு இறக்கும் வேளையிலேயே இதனைச் செய்துவிடலாம். டிராக்டருக்கு ஒரு மணி நேர வேலைக்குப் பின் ஒரு தடவையும், அன்றைய வேலை முடிவில் ஒரு தடவையும் பார்த்தல் தகும்.

முடுக்கியபின் நட்டின் மேலும் தட்டின் மேலும் தொடர்ச்சியாக ஒரு பெயிண்டுக் கோடு இழுத்து வைத்தால், நட்டுத் திரும்பியதும் கோடு விலகிக் காட்டும். நட்டினின்று செந்துருப் பொடி கோடாக வழிதல், துளையைச் சுற்றி இரும்பு பளபளத்தல், ஓடும்போது சக்கரத்தில் தட்டும் ஓசை கேட்டல் ஆகியவை தளர்ச்சியின் அடையாளங்கள். இவற்றில் ஒன்று கண்டாலும் வண்டியை அங்கேயே நிறுத்துதல் வேண்டும். முறிந்த ஸ்டட்டோடு அதன் இருபுறத்தவற்றையும் மாற்றுவதே சிக்கனம்.

கனடா தேசத்து ஒன்டாரியோ மாகாணத்தில் 1995-ஆம் ஆண்டில் லாரிகளினின்று கழன்ற சக்கரங்களால் உயிர்கள் மாண்டன. அதன்பின் 1997-இல், பெரிய வண்டியின் சக்கரம் கழன்றாலே அது குற்றம் என்றும், கவனமாக இருந்ததாகச் சொல்லும் சமாதானம் செல்லாது என்றும் அங்கே சட்டம் செய்யப்பட்டது. கழலும் சக்கரத்தைத் தெய்வச் செயல் என்று விட்டுவிடலாகாது என்பதே அச்சட்டத்தின் கருத்து.

நம் குடியானவர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. டயர் கடையை விட்டுப் புறப்படும் முன், முடுக்கிய அளவையும் அப்போதைய கிலோமீட்டர் கணக்கையும் ரசீதிலேயே எழுதித் தரும்படி கேட்பது நலம். கடைக்காரருக்கு அது கால் நிமிஷ வேலை. வண்டிக்காரருக்கு மறுமுறை எப்போது முடுக்க வேண்டும் என்பதை நினைவூட்டும் குறிப்பாகவும் இருக்கும்.