பசையை நம்பி லாரி கட்டாதீர்கள்

மாதிரி லாரி செய்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு: "கேபின் அருமையாக வந்தது, சேஸிஸில் ஒட்டினேன், ஒரே வாரத்தில் கையோடு வந்துவிட்டது." 1:24 அளவில் வரும் இத்தாலேரி கிட்டாக இருக்கலாம், ஃபோம் ஷீட்டை வெட்டி அலுமினியச் சேனல்மேல் கட்டும் நம்மூர் டாரஸ் லாரியாக இருக்கலாம், பிளாஸ்டிக்கும் உலோகமும் சேரும் இடத்தில்தான் வேலை கெடுகிறது. கெட்டதும் பெரும்பாலோர் செய்வது இன்னும் நாலு சொட்டு ஃபெவிக்விக் விடுவது. லாரி போவதோடு விரலும் கண்ணும் ஆபத்துக்கு உள்ளாவது அந்த நாலு சொட்டில்தான்.

முதலில் ஏன் கழல்கிறது என்று பார்த்துவிடுவோம். கிட்டுடன் பயன்படுத்தும் பிளாஸ்டிக் சிமென்ட் உண்மையில் பசையே அல்ல. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை லேசாகக் கரைத்து, கரைந்த இரு பரப்புகளையும் ஒன்றாக்கும் கரைப்பான் அது. உலோகம் கரையாது, ஆகவே அங்கே அதற்கு வேலையே இல்லை. ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் பசை உலோகத்திலும் பிடிக்கும். ஆனால் இறுகியதும் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அதற்கு. நேராக இழுத்தால் தாங்கும். ஓரத்தைப் பிடித்து உரித்தாலோ மேசையிலிருந்து விழுந்தாலோ தாங்காது. பாலித்தீன், பாலிபுரோப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்குகளில் எந்தச் சாதாரணப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் கணக்கில் எடுக்காத காரணம் வெப்பம். ஒரே அளவு சூட்டுக்குப் பாலிஸ்டைரீன் அலுமினியத்தைவிடச் சுமார் மூன்று மடங்கு நீள்கிறது. 30 செ.மீ. நீள லாரியை வெயில் படும் ஜன்னலோரம் வைத்து, வெப்பநிலை 30 டிகிரி ஏறினால், இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 0.4 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். நொறுங்கும் தன்மையுள்ள பசை நாள்தோறும் இந்த இழுபறியைத் தாங்காது.

ஆகவே எடையைத் திருகிடம் கொடுங்கள். கேபினையும் பாடியையும் சேஸிஸோடு இரண்டு மில்லிமீட்டர் திருகால் முடுக்குங்கள். ஒரு பக்கத் துளையை நீள்வட்டமாக விட்டால் பிளாஸ்டிக் நீளவும் சுருங்கவும் இடம் கிடைக்கும். பம்பர், ஏணி, கண்ணாடித் தாங்கி மாதிரிச் சின்னப் பாகங்களுக்கு இரண்டு பக்கமும் நுண்துளை போட்டுப் பித்தளைக் கம்பித் துண்டைச் செருகுங்கள். பசைக்கு மிஞ்சும் வேலை, பாகம் அசையாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். சொட்டு குறையக் குறைய ஆபத்தும் குறையும்.

பசை போட்டே தீரவேண்டிய இடத்தில் அரல்டைட் போன்ற இருபொருள் எபாக்சி நல்லது. உலோகத்தை 240 அல்லது 320 எண் எமரித் தாளால் மங்கும்வரை தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பிறகு விரல் படாமல் ஒட்டவேண்டும். விரலின் எண்ணெய்ப்பசை ஒன்றே பிடிப்பைக் கெடுக்கப் போதும். பிளாஸ்டிக் பக்கத்தை அசிட்டோனாலோ தின்னராலோ துடைத்துவிடாதீர்கள், பாலிஸ்டைரீன் கரைந்துவிடும். இரண்டு டியூபிலிருந்தும் அட்டையில் சொன்ன அளவிலேயே எடுங்கள்; 'சீக்கிரம் இறுகட்டும்' என்று ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரமும் இறுகாது, பலமும் இருக்காது. ஐந்து நிமிட வகையை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு, மெதுவாக இறுகும் வகையை ஒரு நாள் முழுதும் தொடாமல் விட்டுவிடுவதே என் சிபாரிசு.

இனி ஆபத்துகள். ஃபெவிக்விக் வகைப் பசை ஈரம் பட்டதும் இறுகும் பொருள். தோலிலும் கண்ணிலும் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கரண்டிக் காம்பு போன்ற மழுங்கிய ஒன்றால் மெல்லச் சுழற்றிப் பிரியுங்கள். உதடு ஒட்டினாலும் வெதுவெதுப்பான தண்ணீர்தான். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரத்துணியால் லேசாக மூடி, கண் மருத்துவரிடம் போங்கள். இமைகள் ஒட்டியிருந்தால் வலிந்து திறக்கக் கூடாது, அசிட்டோனைக் கண் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு நாளில் தானாகவே பிரியும். கண் சொட்டு மருந்து என்று நினைத்துப் பசையைக் கண்ணில் விட்டுக்கொண்ட விபத்துகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இரண்டும் ஒரே மேசை டிராயரில் கிடக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்தப் பசை பருத்தித் துணியில் அதிகமாகச் சிந்தினால் வினைபுரிந்து சூடேறும், தோல் வெந்துபோகும். லுங்கியோடு உட்கார்ந்து மடிமேல் வைத்து ஒட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. பருத்திக் கையுறையும் ஆகாது. சிந்திவிட்டால் உடனே நிறையத் தண்ணீரை ஊற்றுங்கள்.

எபாக்சியின் ஆபத்து சத்தமில்லாமல் வரும். திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் அரிப்பும் கொப்புளமும்தான், அது ஆயுள் முழுதும் போகாது. நைட்ரைல் கையுறை போடுங்கள். கையில் ஒட்டியதைத் தின்னரால் கழுவுவது, அதைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளும் வேலை. சோப்பும் தண்ணீரும் போதும். தின்னர், அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். கொசுவர்த்தி புகையும் அறையில் அந்தப் புட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். பி.வி.சி. ஃபோம் ஷீட்டைச் சூட்டுக் கம்பியால் வெட்டினால் நெஞ்சை எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், பிளேடுதான் சரி. பழைய ஒயிட்மெட்டல் பாகங்களில் ஈயம் இருக்கலாம் என்பதால் அவற்றை ஈரம் வைத்துத் தேய்த்து, சாப்பிடும் முன் கை கழுவுங்கள். பிள்ளைகள் பசையையோ தின்னரையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸின் நச்சுத் தகவல் மையத்துக்கு 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது.

இவ்வளவு கவனமாக இருந்தும் தவறு பொருளில் இருந்தால்? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'தயாரிப்புப் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. பொருளில் குறை இருந்தாலும், சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் போதுமான அளவு தராமல் விட்டாலும், அதனால் வந்த காயத்துக்குத் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பொருளாக இருந்தால் விற்ற கடைக்காரரைப் பொறுப்பாக்க முடியும். பெயரில்லாத புட்டியில் ஊற்றித் தரும் பசையை விற்கிறவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர்மேல் வழக்கு நிற்காது. எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தைச் சொல்லவில்லை என்று தயாரிப்பாளர்மேல் குறை சொல்லவும் முடியாது. அட்டையில் பருத்தித் துணி பற்றி எச்சரித்திருக்கிறார்களா, கண் பாதுகாப்புப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்பதெல்லாம் பிறகு சான்றாகும் விஷயங்கள்.

பொட்டலத்தில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், புகார் சொல்ல வேண்டிய தொடர்பு விவரம் ஆகியவை இருக்கவேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. 10 கிராமும் அதற்குக் குறைவுமான பொட்டலங்களுக்கு விலக்கு உண்டு. நாம் அதிகம் வாங்கும் குட்டி டியூப் அந்த விலக்கில் அடங்கிவிடுகிறது. எனக்கு இது உவப்பாக இல்லை, ஆனால் விதி அப்படித்தான். பெரிய அட்டையில் விவரமெல்லாம் போட்டு விற்பதை வாங்குவது நம் கையில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெரியவர்களுக்கான மாதிரி கிட் அந்த வகையில் வராது. பத்து வயதுப் பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கும்முன் அட்டையில் வயதைப் பாருங்கள்.

இணையத்தில் வாங்கியதில் குறை இருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவேண்டும். அவர் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். காயம் பட்டால் டியூபைக் குப்பையில் எறியாமல், பில்லையும் மருத்துவர் சீட்டையும் அதனோடு சேர்த்து எடுத்து வையுங்கள். பில் மங்கிவிடும் காகிதமாக இருந்தால் அன்றே போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.