உஷார்! ஒரே தடவையில் போகிற முடி கிடையாது

தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்ததும் ஹட்டன் டவுனுக்கு இறங்கும் தங்கச்சிமாரே, கொஞ்சம் நில்லுங்கள். தாடையிலும் மேலுதட்டிலும் முளைக்கிற முடியை "ஒரே சிட்டிங், வாழ்நாளுக்கும் வராது" என்று பார்லரில் யாராவது சொன்னால் காசை எண்ணாதீர்கள். எழுந்து வந்துவிடுங்கள்.

எலக்ட்ரோலிசிஸ் என்கிற மின் ஊசி முறை பொய்யல்ல. கண்ணுக்குள் மடிந்து குத்தும் இமை மயிரைப் போக்க, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் சார்ல்ஸ் மிஷல் என்ற கண் வைத்தியர் 1875 இல் எழுதி வைத்த வழி அது. முடித் துளைக்குள் மெல்லிய ஊசியை இறக்கிக் கரண்ட் விட்டால், அங்குள்ள உப்பும் நீரும் காரமாக மாறி வேரை அரித்துவிடும். இன்று கரண்டின் சூட்டால் வேரைக் கருக்கும் முறையும் உண்டு. எதுவானாலும் ஓர் ஊசிக்கு ஒரு முடிதான்.

ஆனால் வேலை மாதக்கணக்கில் இழுபடக் காரணம் அது மட்டுமல்ல. தேயிலையைப் பாருங்கள்: கொழுந்து எடுத்த மலையில் ஏழெட்டு நாளில் மறுபடி கொழுந்து நிற்கிறது. "அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்திருக்கலாமே" என்று எந்தக் கங்காணியும் கேட்பதில்லை. சில துளிர் அன்று எழும்பவே இல்லை, சில கண் அடங்கிக் கிடந்தன. முடியும் அப்படித்தான்: ஒன்று வளரும், ஒன்று ஓய்ந்து கிடக்கும், ஒன்று உதிர்ந்து துளை மட்டும் வெறுமையாக இருக்கும். ஊசி நன்றாகப் பிடிப்பது வளர்கிற முடியின் வேரைத்தான். கண்ணில் படாத முடிக்கு ஊசி எங்கே போடுவது? அதனால்தான் வாரம் ஒன்று, இரண்டு இடைவெளி விட்டு, ஒரு வருடம், ஒன்றரை வருடம் போக வேண்டிவருகிறது. இடையில் நூல் போட்டுப் பிடுங்கினால் வேலை இன்னும் இழுபடும். கத்தரிப்பதில் கெடுதல் இல்லை.

ஆபத்து இங்கேதான். ஒரே நாளில் முடித்துக் காட்ட நினைப்பவர் கரண்டைக் கூட்டுவார், ஒரே இடத்தில் நெருக்கமாகக் குத்துவார். தோல் வெந்து குழி விழும். நம் மாநிறத்துக்குக் கருந்தழும்பு சட்டென்று பிடிக்கும், மாதக்கணக்கில் போகாது. முகத்து முடியாவது மறைக்கக்கூடியது, தழும்பு அப்படியல்ல. இன்னொன்று, புது ஊசியை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்ஐவியும் கூடவே வரலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டவே போக வேண்டாம்.

2024 இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர எத்தனை வருடம் கத்தினோம்! அந்தக் காசு இப்படிப் போகலாமா?

மாதவிடாயும் தவறி, முகத்து முடியும் திடீரென்று தடித்தால் உள்ளே ஹோர்மோன் கோளாறு இருக்கக்கூடும். அதைப் பார்க்காமல் எத்தனை ஊசி போட்டாலும் புது முடி வந்துகொண்டே இருக்கும். பார்லருக்கு முன் அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் காட்டுங்கள். அங்கே டொக்டரைப் பார்க்கக் காசு வாங்குவதில்லை.